முதலில் எதைக் கேட்பது

இந்நேரம் உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். இல்லை, இன்னும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், காலையிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டு மதியத்துக்கு வருகிற டாக்டர் அவர். நர்ஸ் வந்து ஜோசப் பாக்கியநாதன் என்று கூப்பிடும்போது என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதாவது ஜோக் சொல்லிக்கொண்டிருப்பார், இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். நான் கூட இருந்திருந்தால் முழங்கையால் இடித்திருப்பேன். நான் கூட இல்லை. ராயப்பேட்டையில் ஒரு மாடியில், பழைய இசைத்தட்டு விற்கிற கடையில், செத்துப்போன அமெரிக்கப் பாட்டுக்காரிகளின் முகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறேன். இது எந்த ஊர் நியாயம்? "ரெண்டு பேரும் சேர்ந்து போய் நின்னா டாக்டர் பயந்துடுவார் ஃபிலோ" என்றார் காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "நீ பாய் கடைக்குப் போ. ஜாஸ் பாடற பொம்பளைங்க மூணு பேர், ஐவி மார்லோ, கோரா பெல்லமி, நெட்டி ஃபேர்லி. மூணு பேரோட முதல் ரெக்கார்டையும் எடுத்து வை. நான் ரிசல்ட்டைக் கேட்டுட்டு நேரா அங்க வந்துடறேன்." நான் சண்டை போட்டிருக்க வேண்டும். வாய்க்குப் பஞ்சமில்லாதவள் நான். ஆனால் அந்தச் சட்டை, தீபாவளிக்குத் தைத்ததில்லை, ஈஸ்டருக்குத் தைத்தது, இன்னும் வருஷம்கூட ஆகவில்லை, அது தோளிலிருந்து தொங்கியதைப் பார்த்தேன். சரி, போங்க, போன் பண்ணுங்க என்றேன். பத்து நாளைக்கு முன்னால் வரை கணையம் என்று ஒரு வார்த்தையை நான் வாயால் சொன்னதே கிடையாது. எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இப்போது அரிசி களையும்போது வருகிறது, ஜெபத்தில் வருகிறது, கணையம், கணையம், ஏதோ தெருப் பெயர் மாதிரி. ஸ்கேன் பார்த்தவர்கள் எல்லாரும் அங்கே ஒரு நிழல் தெரிகிறது என்கிறார்கள். நிழல் என்றால் என்ன, வெயில் போனால் போய்விடுமா, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஐவி மார்லோ கிடைத்துவிட்டாள். முழங்கை வரைக்கும் வெள்ளைக் கையுறை, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு யாரையோ பார்க்கிறாள், காமிராவுக்குப் பின்னால் நிற்கிற யாரையோ. அட்டை ஓரமெல்லாம் பூசணம். ஒரு தும்மல் வந்து அடக்கினேன். இவளை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு உள்ளறைக் கதவுக்குப் பின்னால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இவள் பாடியிருக்கிறாள், நான் அடுப்படியிலிருந்து "அந்த ஒப்பாரியைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா" என்று கத்தியிருக்கிறேன். ஒப்பாரி என்றுதான் நான் சொல்வேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஓட்டலில் சாக்ஸபோன் வாசித்த மனுஷர், அப்புறம் சினிமா ரெக்கார்டிங்கில் பத்து வயலினுக்கு நடுவில் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்த மனுஷர், வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இவர்களைக் கேட்பார். கதவைச் சாத்துவது எனக்காகத்தான். எனக்குச் சத்தம் ஆகாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுத்தவள் நான், வீட்டுக்கு வந்தால் காதுக்கு ஒரு ஓய்வு வேண்டாமா? ஊரெல்லாம் என் காதுக்குள்தான் பேசியது. கல்யாணம், வேலை, கடன், சாவு. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் இவள். கதவுக்குப் பின்னால் கேட்டதாலோ என்னவோ எனக்கு இவர்கள் எல்லாருமே ஒரே ஆள்தான், ஒரே அழுகை. இப்போது இந்தக் கதவு சாத்தின பாட்டிலிருந்து மூன்று பேரைப் பிரித்து எடு என்கிறார். அதுவும் முதல் ரெக்கார்டாம். கடைசி ரெக்கார்டு ஏன் இல்லை? சீ. இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மாதாவே, நான் அப்படி நினைக்கவில்லை.

"போட்டுக் காட்டட்டுமா மேடம்?" என்று அஷ்ரப் பாய் கேட்டார். கடைக்கு அவர்தான் முதலாளி, அவர்தான் சிப்பந்தி. தட்டைச் சட்டை நுனியால் பிடித்து, ஒரு துணியால் சுற்றித் துடைத்து, முள்ளை இறக்கினார். பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருகிறதே, எண்ணெயில் கடுகு போட்டு வெடிக்காமல் முனகிக்கொண்டிருக்கிற மாதிரி, அந்தச் சத்தம் வந்தது. ஏதோ வரப்போகிறது, இன்னும் வரவில்லை. போன ஞாயிறு அவர் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டு முள்ளை எப்படி இறக்குவது என்று காட்டினார். கையை என் கையின் மேல் வைத்து. "நடுங்காதே. ஊசில நூல் கோக்கறப்ப மூச்சப் பிடிச்சுக்குவ இல்ல, அந்த மாதிரி." எனக்கு எதற்கு இதெல்லாம், நீங்களே போட்டுக்கோங்க என்றேன். சிரித்தார். பாட்டுப்பெட்டியின் பின்னால் இருக்கிற சுவிட்சுகளில் எதை முதலில் போட வேண்டும் எதை அடுத்துப் போட வேண்டும் என்று என் நகப்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார், ஒரு பொட்டு, இரண்டு பொட்டு. என் பாலிஷைக் காலி பண்ணிட்டீங்களா என்று நான் அதற்கும் ஒரு பாட்டுப் பாடினேன். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததால்தான் பாலிஷைப் பற்றிப் பேசினேன். இதோ ஐவி மார்லோ பாடுகிறாள். சின்னப் பெண் குரல். அவசரப்படுகிறாள், வார்த்தையை முடிக்கும் முன்னால் மூச்சு வாங்கிவிடுகிறாள், யாரோ நிறுத்து என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்த மாதிரி. எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது, இங்கிலீஷ் பாட்டில் பாதி வார்த்தை பிடிபடாது. மூச்சு மட்டும் தெரியும். எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்கிற ஆள் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே ஒரு மூச்சு வரும், அதிலேயே நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். என்னோடு வேலை செய்த பெண்கள் எல்லாருக்குமே அது தெரியும், ஒருத்தரும் வெளியில் சொன்னதில்லை. மணி என்ன ஆகிறது என்று பார்க்கக்கூடாது. பார்த்தேன். கூப்பிட்டிருப்பார்கள்.

"இது அவங்க முதல் ரெக்கார்டா பாய்?" "முதல்தான் மேடம். மறுபதிப்பு, ஒரிஜினல் எல்லாம் இப்ப யாருகிட்டயும் கிடையாது." அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டார். "ஆனா இது பாக்கி சார்கிட்ட இருக்கே. என்கிட்டதானே வாங்கினார். இதையா மறுபடி கேட்டார்?" பாக்கி சார். சினிமாக்காரர்கள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பாக்கியநாதனைச் சுருக்கி. எத்தனை வருஷமாகக் கேட்ட பெயர், இன்றைக்கு மட்டும் காதில் முள்ளாகக் குத்துகிறது. பாக்கி. மிச்சம். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று யாரோ கேட்கிற மாதிரி. "மத்த ரெண்டு பேர்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே எக்ஸ்சேஞ்ச் குரலாகக் கேட்டது, நிதானமாக, யார் வீட்டுச் சங்கதியோ மாதிரி. "கோரா பெல்லமியும் இருக்கு, நெட்டி ஃபேர்லியும் இருக்கு. எல்லாமே சார்கிட்ட இருக்கு மேடம். இந்த மூணு பேரோடதுல சார்கிட்ட இல்லாததுன்னு பாத்தா இந்தக் கடையிலேயே இருக்காது." அப்படியென்றால் என்னை எதற்கு அனுப்பினார்? சும்மா அனுப்பினாரா? ஆஸ்பத்திரிக்கு நான் வரக்கூடாது என்று, குழந்தையை மிட்டாய்க் கடைக்கு அனுப்புகிற மாதிரி, இந்தா நீ இதைத் தேடிக்கொண்டிரு என்று. கோபம் வந்தது. அப்பாடா, கோபம் வந்தது, நல்ல கோபம், சூடாக, அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கலாம். வரட்டும் மனுஷர், வரட்டும், இந்தப் படியில் ஏறி வரட்டும், பாயை வைத்துக்கொண்டே கேட்கிறேன், உங்களிடம் இருக்கிற பொருளை வாங்க என்னை வெயிலில் அலையவிடுவீர்களா என்று.

"தப்பா நினைக்காதீங்க மேடம்" என்றார் பாய், என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "சார் முதல்னு சொன்னது வேறயா இருக்கும். அவங்க போட்ட முதல் ரெக்கார்டு இல்ல. புதுசா கேக்க வர்றவங்க முதல்ல எதைக் கேக்கணும்னு ஒண்ணு இருக்கு இல்லையா, அது. கடைல நாங்க அதையும் முதல் ரெக்கார்டுன்னுதான் சொல்வோம். போன வாரம் போன் பண்ணினப்பகூடச் சொன்னார், ஃபிலோ வருவா, நீ எதையும் சொல்லாதே, எல்லாத்தையும் போட்டுக் காட்டு, அவளுக்கு எது காதுல ஏறுதோ அதை அவளே எடுக்கட்டும்னு. நான்தான் குழப்பிட்டேன், மன்னிச்சுக்குங்க. பாட ஆரம்பிச்சவங்களோட முதல் தட்டுல பயம் இருக்கும். கேக்க ஆரம்பிக்கறவங்களுக்கு அது வேணாம்." என்ன அன்பான மனுஷர். பாய்க்கு ஒன்றும் தெரியாது. போன வாரம். போன வாரமே போன் பண்ணியிருக்கிறார். ஸ்கேன் எடுத்த மறுநாளா, அதற்கு மறுநாளா? என்னிடம், ஒன்றும் இருக்காது, வாயுத் தொல்லை, வயசாகுது இல்ல என்று சொல்லிக்கொண்டே இங்கே போன் பண்ணியிருக்கிறார். அவளுக்கு எது காதில் ஏறுகிறதோ. நான் ஏன் இப்போது கேட்க ஆரம்பிக்க வேண்டும்? இத்தனை வருஷம் கேட்காதவள். அவர் இருக்கும்போது எனக்கு இந்தப் பாட்டு எதற்கு, அவர்தான் கேட்கிறாரே, கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கேட்பார், இந்தப் பக்கம் நான் திட்டுவேன், அது போதாதா? அந்த அறையில் வேறு யாரும் இல்லாவிட்டால்தான் நான் போய் உட்கார வேண்டியிருக்கும். ஒரு பொட்டு சுவிட்சை முதலில் போட்டு, இரண்டு பொட்டு சுவிட்சை அடுத்துப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளை இறக்கி. அதைத்தான் பார்த்திருக்கிறார். என்னை அந்த நாற்காலியில் தனியாக மனசுக்குள் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போன் பண்ணியிருக்கிறார். பாவி மனுஷா. எனக்கு உங்கள் பாட்டும் வேண்டாம் உங்கள் பெட்டியும் வேண்டாம்.

எடுக்காமல் இருந்துவிட்டால்? அப்படி ஒரு எண்ணம் வந்தது, வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வந்தது. நான் எதையும் எடுக்காதவரை அவர் ஏற்பாடு முடியாது. முடியாதவரை அவர் போக முடியாது. இது பிடிக்கவில்லை, அதுவும் பிடிக்கவில்லை, எல்லாமே ஒப்பாரிதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அடுத்த வாரமும் வருவோம், அடுத்த மாதமும் வருவோம், அடுத்த ஈஸ்டருக்கும் வருவோம், நீயெல்லாம் என்ன காதுடி என்று அவர் திட்டிக்கொண்டே இருப்பார். பாய் கோரா பெல்லமியைப் போட்டார். கனத்த குரல், ஆண்பிள்ளைக் குரல் மாதிரி, எல்லாருக்கும் பின்னால் மெதுவாக நடந்து வருகிறாள், பியானோ போய்ச் சேர்ந்த பிறகு சேர்கிறாள். அட்டையில் கண்ணை மூடியிருக்கிறாள். எனக்கு மூடிய கண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அட்டையைத் திருப்பி வைத்தேன். "பிடிக்கலையா?" "இல்ல." மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் கிறீச்சென்றது, அந்த இடம் வருகிறது, வருகிறது என்று நான் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பாட்டு முடிந்தது, பாய் உள்ளே தண்ணீர் குடிக்கப் போயிருந்தார், முள்ளை எடுக்க யாரும் இல்லை. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது, உள்வட்டத்தில் முள் போய்ப் போய் முட்டியது, டக், டக், டக். நான் போய் எடுத்திருக்கலாம். எடுக்கத் தெரியும், சொல்லிக்கொடுத்திருக்கிறார். கை போகவில்லை. என் வீட்டில், அந்த அறையில், மதியம், இதே டக் டக், எடுக்க ஆள் இல்லாமல். எனக்கு அது காதில் கேட்கவில்லை, கண்ணில் தெரிந்தது, நாற்காலியும், அதன் மேல் மடித்து வைத்த அவர் துண்டும், யாரும் அணைக்காத பெட்டியும். பாய் வந்து முள்ளை எடுத்தார். "உக்காருங்க மேடம், வேர்க்குது உங்களுக்கு" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது, எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. அவர்தான். "ஃபிலோ? பாத்துட்டேன். ஒண்ணுமில்லையாம். சாதாரண வீக்கம்தானாம். மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார், மூணு மாசம் சாப்பிட்டா சரியாயிடும்னு சொன்னார்." சொல்லி முடித்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுசாக, அழகாக, ஒன்றோடு ஒன்று இடிக்காமல். டிரங்க் கால் போட்ட நாளில், உண்மையிலேயே ஒன்றும் இல்லாதவன் எப்படிப் பேசுவான் தெரியுமா? சிரிப்பான், கத்துவான், ஹலோ ஹலோ கேக்குதா என்று ஆபரேட்டரைத் திட்டுவான், சொல்ல வந்ததை விட்டுவிட்டு மாங்காய் அனுப்பியது வந்ததா என்று கேட்பான். ஒன்றுமில்லை, பயப்படாதே, அம்மாவுக்கு லேசாகத்தான் முடியவில்லை, நீ கிளம்பி வா என்று ஒருத்தன் நிறுத்தி நிதானமாகச் சொன்னால், நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டே சிலுவை போட்டுக்கொள்வோம். இவர் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். வாழ்நாளெல்லாம் ஊதின மனுஷர், மூச்சு எங்கே எடுக்கிறார் என்று ஒருத்தருக்கும் தெரியாது, அவ்வளவு சுத்தம். "ஒண்ணுமில்லையாம்" என்ற வார்த்தைக்கு முன்னால் எடுத்தார். எனக்குக் கேட்டது. "எங்கேர்ந்து பேசறீங்க?" என்றேன். "ஆஸ்பத்திரிலேர்ந்துதான். இப்பதான் வெளில வந்தேன்." அந்த நேரம் கீழே தெருவில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. அதே ஹாரன், அதே நீளம், என் இடது காதில் சன்னல் வழியாகவும் வலது காதில் போன் வழியாகவும் கேட்டது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து சன்னலுக்குப் போனேன்.

எதிர்ப்பக்கம், மூடிக்கிடந்த ஒரு தையற்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. ஈஸ்டர் சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு கையில் போன், இன்னொரு கையால் ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார், நெற்றியை அந்தக் கையின் மேல் சாய்த்திருந்தார். "என்ன ஃபிலோ, சத்தத்தையே காணோம்?" என்றது குரல், குறும்பாக, உற்சாகமாக, ஓட்டல் மேடையில் பேசுகிற குரல். அங்கே நின்றவருக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தில் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. "அப்பாடா" என்றேன். "மாதாவே, இப்பதான் உசுரே வந்தது எனக்கு." நன்றாகத்தான் சொன்னேன், அவர் அளவுக்கே நிறுத்தி நிதானமாக. "சரி, எடுத்துட்டியா?" "இன்னும் இல்ல. ரெண்டு பேர் ஆச்சு, ரெண்டும் பிடிக்கல. நெட்டி ஃபேர்லியை இன்னும் கேக்கல." "மெதுவா கேளு. அவளப் பிடிக்கும் உனக்கு, பாரேன்." போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன், எக்ஸ்சேஞ்சில் நாங்கள் அழுதால் அப்படித்தான் பிடித்துக்கொள்வோம். அவர் இப்போதே படியேறி வந்துவிடுவார், முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை மாட்டிக்கொண்டு, அவ்வளவு படியையும் ஏறி. அதற்குப் பலம் இல்லை அவருக்கு, பார்த்தாலே தெரிகிறது. "என்னங்க" என்றேன், "இந்நேரம் அங்கேர்ந்து ஆட்டோ கிடைச்சு வர்றதுக்கு அரை மணியாவது ஆகும் இல்ல?" அவர் நெற்றியைக் கையிலிருந்து எடுத்தார், ஆனால் மேலே பார்க்கவில்லை. "ஆகும்" என்றார். "அரை மணி ஆகும்." "அவசரப்படாம வாங்க, நான் எங்கயும் போகல" என்று வைத்துவிட்டேன். அவர் போனைப் பாக்கெட்டில் போட்டார், தையற்கடைப் படியில் மெல்ல உட்கார்ந்தார், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குத் தெரிந்து அவர் அழுததில்லை, அவர் அம்மா செத்தபோதுகூட. எனக்குப் பின்னால் பாய் தட்டைத் துடைக்கிற சத்தம் கேட்டது. "போடட்டுமா மேடம்?" "போடுங்க பாய்." இறங்கி ஓட வேண்டும் என்று கால் துடித்தது, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அரை மணியை நான்தான் அவருக்குக் கொடுத்தேன், நானே போய் அதைப் பிடுங்கக்கூடாது.